பிள்ளைகளுக்குக் கணினிச் சேமிப்புக் கருவிகளைச் சொல்லிக்கொடுப்பது எப்படி: ஹார்ட் டிஸ்கைத் திறப்பதற்கு முன்னும் பின்னும்

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். சேமிப்புக் கருவிகள் பாடத்தை முதல் இரண்டு முறை புத்தக வரிசையிலேயே நடத்தினேன். முதன்மை நினைவகம், இரண்டாம் நிலை நினைவகம், வன்தட்டு, குறுவட்டு என்று பலகையில் எழுதிப்போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். அழகாக ஒப்பித்தார்கள். மறுவாரம், "கரண்ட் போனால் ஹார்ட் டிஸ்கில் இருப்பது என்ன ஆகும்?" என்று கேட்டேன். பாதிப் பேர் "போய்டும் மிஸ்" என்றார்கள்.

அதன்பிறகு வரிசையை மாற்றினேன். இப்போது பொருள்களின் பெயர்கள் மூன்றாவது வகுப்பில்தான் வரும். எது போகும், எது நிற்கும் என்பது முதல் வகுப்பிலேயே வந்துவிடும். கீழே இருப்பது அந்த வரிசை. 45 நிமிடமாக நான்கு வகுப்பு பிடிக்கும். ஒரு மேசையைச் சுற்றி 10, 12 பேருக்கு மேல் நிற்க முடியாது. கூட்டம் அதிகமென்றால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டியவை

முக்கிய ஃபைல் எதுவும் இல்லாத பழைய டெஸ்க்டாப் ஒன்று. வேலை செய்யும் பென்டிரைவ் ஒன்று, உறை உடைந்த பென்டிரைவ் ஒன்று. மெமரி கார்டு, ஒரு சிடி, ஒரு ராம் (புத்தகத்தின் முதன்மை நினைவகம்) துண்டு. செத்துப்போன 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இரண்டு; ஒன்று திறக்க, ஒன்று திறக்காமல் பக்கத்தில் வைத்துக் காட்ட.

ஹார்ட் டிஸ்கைக் காயலாங்கடையில் எடைக்கு வாங்கலாம். கணினி சர்வீஸ் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்த 3.5 அங்குலமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். லேப்டாப்பில் வரும் 2.5 அங்குல டிஸ்குகள் பலவற்றில் உள்ளே சுழலும் தட்டு கண்ணாடியால் ஆனது. வளைத்தால் சில்லுச்சில்லாகத் தெறிக்கும். பெரிய டிஸ்கின் தட்டு பெரும்பாலும் அலுமினியம்.

திருப்புளி விஷயத்தில் எல்லாரும் ஒருமுறை ஏமாறுவோம். கடையில் "ஸ்டார்" என்று கேட்டால் நாலு முனை உள்ளதைத்தான் தருவார்கள். ஹார்ட் டிஸ்க் மூடிக்கு வேண்டியது ஆறு முனை உள்ள டார்க்ஸ், பெரும்பாலும் டி-8 அளவு. மொபைல் ரிப்பேர் செட்டில் இருந்தாலும் இருக்கும். வகுப்புக்கு முதல் நாளே பொருத்திப் பாருங்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு திருகாணியின் தலையை மழுக்குவதைவிட அவமானம் கிடையாது.

இன்னொன்று. காயலாங்கடை டிஸ்கைக் கணினியில் மாட்டிப் பார்க்காதீர்கள். நான் மாட்டினேன். யார் வீட்டுக் கல்யாணப் படங்களோ வரிசையாகத் திரையில் வந்து நின்றன, 11 பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க. வைரஸ் பயம் ஒரு பக்கம்; அது அடுத்தவர் வீட்டு அலமாரி என்பது இன்னொரு பக்கம்.

2. "மெமரி ஃபுல்லு" என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள்

கணினியைத் தொடாதீர்கள். "யார் வீட்டு போனில் மெமரி ஃபுல்லாச்சு?" என்று கேளுங்கள். எல்லாக் கையும் மேலே வரும். ஆளுக்கொரு கதை இருக்கும்: வாட்ஸ்அப் வீடியோ, அண்ணனின் கேம், பாப்பாவின் பிறந்தநாள் படம்.

இங்கே தொடங்கக் காரணம், குழப்பத்தின் வேரே அந்தச் சொல்லில் இருப்பதுதான். போன் கடையில் "64 ஜிபி மெமரி" என்பார்கள். அதே போனை "4 ஜிபி மெமரி" என்றும் சொல்வார்கள். பாடப்புத்தகம் இரண்டையும் நினைவகம் என்கிறது, முன்னால் முதன்மை என்றோ இரண்டாம் நிலை என்றோ ஒட்டிக்கொண்டு. பிள்ளைக்கு இரண்டும் ஒரே பொருளாகத் தெரிவதில் அதிசயமில்லை.

உங்கள் போனின் செட்டிங்ஸைத் திறந்து ராம் எவ்வளவு, ஸ்டோரேஜ் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் காட்டுங்கள். பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்து ஒரே கேள்வி: "ஃபுல்லானது இதில் எது?" பதிலைச் சொல்லாமல் அடுத்த படிக்குப் போங்கள்.

3. கரண்டைப் பிடுங்கிக் காட்டுங்கள்

டெஸ்க்டாப்பில் பெயின்ட்டைத் திறந்து ஒரு பிள்ளையை வரையச் சொல்லுங்கள். ஒரு மீன் போதும். சேமியுங்கள். பிறகு இன்னொரு பிள்ளை அதே படத்தில் ஒரு படகு வரையட்டும். அதைச் சேமிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்குங்கள்.

திரும்பக் கணினியைப் போடும்போது மீன் இருக்கும், படகு இருக்காது. படகு வரைந்த பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், பாடம் இறங்கிவிட்டது.

இந்தச் சோதனை சொதப்ப மூன்று வழி இருக்கிறது. லேப்டாப்பில் செய்தால் பேட்டரி காப்பாற்றிவிடும். டெஸ்க்டாப் யுபிஎஸ்ஸில் இருந்தாலும் அதே கதைதான், சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அசடு வழிய நிற்க வேண்டிவரும். மூன்றாவது, பெயின்ட்டுக்குப் பதிலாக விண்டோஸ் 11-இன் நோட்பேடைப் பயன்படுத்துவது. சேமிக்காமல் விட்ட எழுத்தையும் அது தானாகவே டிஸ்கில் ஒதுக்கிவைத்து, திரும்பத் திறக்கும்போது கொண்டுவந்து நிறுத்தக்கூடும். முதல் நாளே ஒருமுறை தனியாகச் செய்து பார்த்துவிடுங்கள்.

இப்படிப் பிளக்கைப் பிடுங்குவது கணினிக்கு நல்லதில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்று இரவே வீட்டில் ஒரு கணினி பலியாகும்.

4. ஐஸ் மீனும் கருவாடும்

இப்போதுதான் உவமை. நான் முதலில் ஐஸ் பெட்டியை ஹார்ட் டிஸ்க்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்: மீன் வெட்டும் பலகை ராம், ஐஸ் பெட்டி ஸ்டோரேஜ். காசிமேட்டுப் பையன் ஒருவன் விடவில்லை. "ஐஸ் உருகிட்டா மீன் நாறிடும் மிஸ், அப்புறம் இன்னா ஸ்டோரேஜ்?" என்றான். பக்கத்திலிருந்த பெண், "அப்போ கருவாடுதான் மிஸ் ஸ்டோரேஜ்" என்றாள்.

என் உவமையைவிட அது பல மடங்கு சரி. இப்போது ஐஸ் பெட்டிதான் ராம், கருவாடு ஸ்டோரேஜ். ராமில் ஒவ்வொரு பிட்டும் துளி மின்னூட்டமாக இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். கசியக் கசியத் திரும்ப நிரப்ப வேண்டும், வழக்கமாக 64 மில்லிநொடிக்குள் ஒரு சுற்று. ஐஸ் போட்டுக்கொண்டே இருப்பது மாதிரி. கரண்ட் நின்றால் ஐஸ் நின்றது. கருவாட்டுக்கு ஐஸ் வேண்டாம். பானையில் கிடக்கும். ஆனால் எடுத்த உடனே குழம்பில் போட முடியாது, ஊறவைத்து அலச வேண்டும். ஸ்டோரேஜ் ராமைவிட மெதுவானது என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது.

கருவாட்டிலும் ஈரம் பட்டால் பூச்சி வைக்கும். பென்டிரைவை வருடக்கணக்கில் கரண்டே காட்டாமல் போட்டுவைத்தால் அதிலுள்ளதும் மெல்ல மெல்லக் கெடலாம். "எப்பவும் அழியாது" என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். "கரண்ட் இல்லாமலும் நிற்கும்" என்பதே சரியான வார்த்தை.

இந்த இடத்தில் 2-ஆம் படியின் கேள்விக்குத் திரும்புங்கள். பதிலை அவர்களே சொல்வார்கள்.

5. அளவு: "அம்மா" எத்தனை பைட்?

8 பிட் ஒரு பைட், 1024 பைட் ஒரு கேபி என்று அட்டவணை போட்டால் மனப்பாடம் ஆகும், அளவு மனதில் நிற்காது. அவர்கள் கையாலேயே ஒரு ஃபைல் செய்ய வையுங்கள்.

நோட்பேடில் "அம்மா" என்று தமிழில் தட்டச்சு செய்து யுடிஎஃப்-8 முறையில் (எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் ஒரு முறை) பென்டிரைவில் சேமியுங்கள். ஃபைல்மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள்: 15 பைட். ஏன் 15? நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறி. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். அதையே ஆங்கில எழுத்தில் நான்கு எழுத்தாக அடித்தால் 4 பைட்தான்.

அடுத்து ஒவ்வொருவரும் தன் பெயரின் அளவை முதலில் தாளில் கணக்குப் போட்டு, பிறகு செய்து பார்க்கட்டும். "முருகன்" 7 குறி, 21 பைட். வகுப்பே கூச்சலாகிவிடும். விடுங்கள்.

கணக்கு உதைக்கும் இடங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 15-க்குப் பதில் 17 வந்தால் பிள்ளை கடைசியில் என்டர் தட்டியிருக்கிறது. 18 வந்தால் பழைய நோட்பேட். அது ஃபைலின் தலையில் 3 பைட் அடையாளம் ஒன்றை ஒட்டும். தமிழ் எழுத்து முழுக்கக் கேள்விக்குறியாக மாறியிருந்தால் தமிழுக்கு இடமில்லாத ஏஎன்எஸ்ஐ முறையில் சேமித்திருக்கிறார்கள்.

அதே பெட்டியில் "டிஸ்கில் எடுத்துக்கொண்ட இடம்" என்ற பொருளில் இன்னொரு எண் இருக்கும். பென்டிரைவ் எப்படி ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து 4 கேபி, 16 கேபி, 32 கேபி என்று காட்டும். 15 பைட்டுக்கு 16 கேபியா என்று கேட்பார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைச் சொன்னால் போதும். ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தை அனுப்பினாலும் ஒரு முழு கன்டெய்னர். அதில் அடுத்தவன் சரக்கு ஏறாது.

பிறகு பெரிய அளவுகளுக்கு ஒரு 4 எம்பி போட்டோவை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். 700 எம்பி சிடியில் அது 175 தடவை போகும். 4.7 ஜிபி டிவிடியில் 1,175. 32 ஜிபி பென்டிரைவில் 8,000. 500 ஜிபி ஹார்ட் டிஸ்கில் 1,25,000. சேமிக்கும் பொத்தானில் சதுரமாக ஒன்று இருக்கிறதே, அந்த ஃபிளாப்பி 1.44 எம்பி, ஒரு போட்டோகூடப் போகாது. ஃபிளாப்பிக்கு இந்த ஒரு வரி போதும்.

32 ஜிபி பென்டிரைவை மாட்டினால் விண்டோஸ் 29.8 என்று காட்டும். "கடைக்காரன் ஏமாத்திட்டான் மிஸ்" என்று உடனே வரும். தயாரிப்பவர் ஒரு ஜிபிக்கு 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024 x 1024 x 1024, அதாவது 107 கோடிக்கும் கொஞ்சம் மேல் என்று எண்ணுகிறது. 3,200 கோடி பைட்டை அதனால் வகுத்தால் 29.8. பொருள் குறையவில்லை, அளக்கும் படி பெரிசு.

நிஜமாகவே ஏமாற்றும் பென்டிரைவும் உண்டு. தெருவோரத்தில் மலிவாக ஒன்று வாங்கி நானே மாட்டிக்கொண்டேன். கணினியில் முழு அளவும் காட்டியது. பாதிக்குமேல் போட்ட ஃபைல் எதுவும் திறக்கவில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். புதிதாக வாங்கியதும், ஃபைல் எதையும் போடுமுன் செய்ய வேண்டிய சோதனை இது.

6. இப்போது பொருள்களைக் கையில் கொடுங்கள்

சிடி, ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, "எது எதுக்குச் சொந்தம்? பிரிச்சு வைங்க" என்று விடுங்கள். உருவத்தை வைத்துப் பிரிப்பார்கள், வட்டமானது, சின்னது என்று. கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, எதனால் எழுதுகிறது என்று பிரிக்கச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்கில் காந்தம். சிடியில் ஒளி. பென்டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்), போனின் உள் ஸ்டோரேஜ் நான்கும் ஒரே குடும்பம்: சிப்புக்குள் சிறைப்பட்ட மின்னூட்டம். உறை உடைந்த பென்டிரைவை இங்கே காட்டினால், அவ்வளவு பெரிய பொருளில் உள்ளே சரக்கு ஒரு நகக்கண் அளவுதான் என்று தெரியும்.

சிடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும் வானவில், நெருக்க நெருக்கமாக ஓடும் தடங்களால் வருவது. அதற்கு இரண்டு நிமிடம். மீதி நேரம் முழுக்க ஹார்ட் டிஸ்க்குக்கு.

மூடித் திருகாணிகளைப் பிள்ளைகளே கழற்றட்டும், ஆளுக்கு ஒன்று. எல்லாம் கழற்றியும் மூடி அசையாது. திருப்புளியை விட்டு நெம்பத் தொடங்குவார்கள், நிறுத்துங்கள். லேபிளின் மேல் விரலை அழுத்தி ஓட்டினால் ஓரிடத்தில் பள்ளம் தட்டும். அங்கேதான் கடைசித் திருகாணி ஒளிந்திருக்கிறது. அதை அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள்.

மூடி வந்ததும் கண்ணாடி போன்ற தட்டு தெரியும். அத்தனை பேரும் முகம் பார்ப்பார்கள், தலை வாருவார்கள். அடங்கியதும் எண்களைச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120. நம் வீட்டு சீலிங் ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 350 சுற்று அளவில்தான் ஓடும். தட்டின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கையின் நுனி, தட்டு சுற்றும்போது அதைத் தொடுவதில்லை. இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு தூசி விழுந்தால் அது பாறை. திறந்த டிஸ்க் திரும்ப உயிர்பெறாது என்பதற்கும், ஓடும் கணினியை ஆட்டக்கூடாது என்பதற்கும் காரணம் இந்த ஒன்றே.

மூடி திறந்த டிஸ்கைக் கரண்ட் கொடுத்துச் சுற்றவிட்டுக் காட்டாதீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பிள்ளைகளின் விரல் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உள்ளே இரண்டு வளைந்த காந்தம் இருக்கும். கையடக்கம், ஆனால் பலம் அதிகம். இரண்டும் நடுவில் விரலை வைத்துக்கொண்டு ஒட்டினால் தோல் கிழியும். அவற்றை நீங்களே எடுங்கள், ஒன்றை மட்டும் காட்டுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, ஆகவே தம்பி தங்கைகளைக் கூட்டிவரும் நாளில் இந்த வகுப்பே வேண்டாம்.

காந்தத்தைப் பென்டிரைவில் தேய்த்தால் அழிந்துவிடும் என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அழியாது, அதில் காந்தத்துக்கு வேலையே இல்லை. பிள்ளைகள் முன்னால் தேய்த்துவிட்டு, ஃபைலைத் திறந்து காட்டுங்கள்.

7. வேகம்: கோடு ஓடுவதைப் பார்க்கச் சொல்லுங்கள்

ஒரே ஒரு 500 எம்பி வீடியோவைப் பென்டிரைவுக்கு அனுப்பி, போனில் நேரம் பாருங்கள். பிறகு மொத்தம் அதே 500 எம்பி வரும் ஆயிரம் சின்ன ஃபைல்கள். இரண்டாவது அதிக நேரம் எடுக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் பட்டியலில் ஒரு பதிவு போட வேண்டியிருப்பதால் வரும் தாமதம் அது.

இதில் கவனிக்க வேண்டியது, எவ்வளவு நகலானது என்று திரையில் காட்டும் கோடு முதல் சில நொடி பாய்ந்து ஓடிவிட்டுப் பிறகு நத்தையாகும் இடம். சில சமயம் கணினி முதலில் ராமில் வாங்கிவைத்துக்கொண்டு, பென்டிரைவுக்குப் பிறகு இறக்கும். அப்போது ஓடியது ஐஸ் பெட்டிக்கு, அதாவது ராமுக்குப் போன வேகம். பல மலிவான பென்டிரைவ்களால் நொடிக்கு 10 எம்பிகூட எழுத முடியாது.

பென்டிரைவ் மாட்டும் யுஎஸ்பி இணைப்பில் 2.0 வகைக்கு 480 என்று போட்டிருப்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது. 8-ஆல் வகுத்தால் 60 எம்பி, அதுவும் காகிதத்தில். இந்த பிட், பைட் மயக்கம் பெரியவர்களுக்கே தெளியவில்லை. எட்டாம் வகுப்புக்கு மட்டும் சொல்லுங்கள்.

8. பிடுங்குவதும் அழிப்பதும்

7-ஆம் படியைச் சரியாகச் செய்திருந்தால், பென்டிரைவை எஜெக்ட் செய்துவிட்டே (எடுக்கப்போவதைக் கணினிக்குச் சொல்லிவிட்டே) எடுக்க வேண்டும் என்பதற்குத் தனியாக அறிவுரை தேவையில்லை. "கோடு முடிஞ்சாலும் ஐஸ் பெட்டியில் மிச்சம் இருக்கலாம்" என்றால் புரிந்துகொள்கிறார்கள்.

அழிப்பது பற்றி இரண்டு விஷயம், அதுவும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றுபவை. விண்டோஸில் பென்டிரைவிலிருந்து அழித்த ஃபைல் வழக்கமாக ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. ஆகவே கை தவறினால் போச்சு. அதே சமயம், அழித்ததும் தகவல் உடனே மறைந்துவிடுவதும் இல்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடித்தது போல. பக்கம் உள்ளேயே இருக்கிறது, வேறு எதையாவது மேலே எழுதும்வரை. மெமரி கார்டோடு பழைய போனை விற்கும் வீடுகள் இங்கே நிறைய. கார்டைக் கழற்றிக்கொண்டு விற்கச் சொல்லி வீட்டில் சொல்லுமாறு பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம்.

"இடம் இருக்கு, ஆனா படம் ஏறல மிஸ்" என்ற புகாரும் இந்த வகுப்பில் வரும். பென்டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது, 20 ஜிபி காலியாக இருந்தாலும். எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறைக்கு மாற்றினால் சரியாகும், ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். முதலில் நகல்.

9. நகல்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்தப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை இவர்களில் பலர் வீட்டில் இன்றும் பேசுகிறார்கள். அதனால் கேள்வியை நேராகவே வைக்கலாம்: ஒரே கணினியில் சி டிரைவ், டி டிரைவ் என்று இரண்டு இடத்தில் வைப்பது நகலா? ஒரே பீரோவின் இரண்டு தட்டு அது. பீரோ நனைந்தால் இரண்டும் நனையும். ஒரு நகல் வேறு வீட்டில் இருக்க வேண்டும், அல்லது கிளவுடில்.

கிளவுட் என்றதும் வானத்தைக் காட்டும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. எங்கோ ஒரு கட்டடத்தில், இதே மாதிரி டிஸ்குகள் அடுக்கடுக்காக நிற்கின்றன என்று சொல்லி, திறந்த டிஸ்கைத் தொட்டுக் காட்டுங்கள். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. மெயிலும் போட்டோவும் டிரைவும் அதையேதான் பங்குபோட்டுக்கொள்கின்றன.

10. புரிந்ததா என்று பார்க்க

வரையறு, வேறுபடுத்து என்று கேட்காதீர்கள். நான் கேட்பவை இவை. ராம் துண்டை ஒரு கணினியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டினால், பாதியில் விட்ட கேம் அங்கே வருமா? ஹார்ட் டிஸ்கைக் கழற்றி மாட்டினால் பாட்டு வருமா? அக்காவின் போனில் ஸ்டோரேஜ் ஃபுல்லு. ராம் அதிகமுள்ள போன் வாங்கினால் தீருமா? "கருவாடு" என்று நோட்பேடில் அடித்தால் எத்தனை பைட்? (7 குறி, 21.) முதல் கேள்விக்குத் தப்பாகச் சொல்பவரை 3-ஆம் படிக்கே திரும்பக் கூட்டிப்போங்கள், மறுபடி விளக்கம் சொல்லி நேரம் போக்க வேண்டாம்.

வகுப்பு முடிந்ததும் கழற்றிய துண்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்து, காயலாங்கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். தட்டை மட்டும் முகம் பார்க்க வைத்துக்கொள்கிறேன் என்று யாராவது கெஞ்சுவார்கள். ஓரம் கூர்மையாக இல்லாவிட்டால் கொடுக்கலாம். காந்தங்களை மட்டும் எண்ணி டப்பாவில் போட்ட பிறகே கதவைத் திறந்துவிடுங்கள்.